விறகுக் கணக்கும் வெட்டுப் பட்டியலும்

ஒரு பிணத்தை எரிக்க ஏறத்தாழ 300 கிலோ விறகு வேண்டும். அந்த விறகை யாராவது வாங்க வேண்டும், அதற்குப் பணம் கொடுக்க வேண்டும், கொடுத்த பணத்துக்குக் கணக்கு எழுத வேண்டும். 1990களின் முதல் பாதியில் பஞ்சாபின் அமிர்தசரஸ் மாவட்டத்தில் இந்தக் காரியங்கள் ஒழுங்காகவே நடந்தன. காவல்துறையினர் வண்டியில் உடல்களைக் கொண்டுவந்தார்கள், 'உரிமை கோரப்படாதவை' என்று எழுதிக் கொடுத்தார்கள், எரித்துவிட்டுப் போனார்கள். நகராட்சி விறகுக்கும் துணிக்கும் ஆன செலவைப் பதிவேட்டில் ஏற்றியது. எத்தனை உடல்கள், எந்தத் தேதி, கொண்டுவந்த காவலர் யார் என்பதெல்லாம் அதில் இருந்தது. இறந்தவரின் பெயர் மட்டும் பெரும்பாலான வரிகளில் இல்லை.

இந்தப் பதிவேடுகளைத் தேடிப்போய் எடுத்தவர் ஜஸ்வந்த் சிங் கால்ரா. அமிர்தசரஸில் வங்கிப் பணியில் இருந்தவர், சீக்கியர்களின் கட்சியான அகாலி தளத்தின் மனித உரிமைப் பிரிவுக்குப் பொதுச் செயலாளர். உடன் பணியாற்றிய ஒருவர் காணாமல் போனதைத் துருவிக்கொண்டு போனபோது துர்கியானா மந்திர் சுடுகாட்டில் அவருக்குத் தடயம் கிடைத்தது. அங்கிருந்து பட்டி, தர்ன் தாரன் சுடுகாடுகளுக்கும் போனார். 1995 ஜனவரி 16 அன்று சக செயல்பாட்டாளர் ஒருவருடன் சேர்ந்து நகராட்சிப் பதிவுகளின் நகல்களைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். அதே ஆண்டு செப்டம்பர் 6 காலை, அமிர்தசரஸ் கபீர் பார்க்கில் தன் வீட்டு வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தபோது காவல்துறையினர் அவரைத் தூக்கிச் சென்றார்கள். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

அவரைப் பற்றிய திரைப்படம் ஒன்று 2022 டிசம்பரில் மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியத்துக்குப் போனது. ஹனி ட்ரெஹான் இயக்கியது, தில்ஜித் தோசாஞ்ச் கால்ராவாக நடித்தது, ரோனி ஸ்க்ரூவாலாவின் நிறுவனம் தயாரித்தது. 'கல்லுகாரா' என்று முதலில் பெயர் வைத்திருந்தார்கள். பெரும் படுகொலையைக் குறிக்கச் சீக்கியர்கள் பயன்படுத்தும் சொல் அது. 1746இலும் 1762இலும் நடந்தவற்றை அந்தப் பெயரால்தான் அவர்களின் வரலாறு நினைவுகூர்கிறது. பெயர் மாறி மாறி 'பஞ்சாப் '95' ஆனது. 21 வெட்டுகளோடு பெரியவர்களுக்கான 'ஏ' சான்றிதழ் என்று தொடங்கிய பேச்சு, பின்னர் 120 ஆகி 127 வெட்டுகளில் போய் நின்றது.

எண்ணிக்கை பெரியதுதான். அதைவிட முக்கியமானது, அந்தப் பட்டியலில் என்ன இருக்கிறது என்பது. ரத்தக் காட்சியைக் குறையுங்கள், சித்திரவதையை இவ்வளவு நேரம் காட்டாதீர்கள் என்ற ரகத்தோடு அது நிற்கவில்லை. படக்குழு வெளியே சொன்னதிலும் செய்தித்தாள்களில் வந்ததிலும் திரும்பத் திரும்ப வருபவை பெயர்கள். நாயகனுக்கு ஜஸ்வந்த் சிங் கால்ரா என்ற பெயர் கூடாது. தலைப்பில் பஞ்சாபும் கூடாது, 95உம் கூடாது. தர்ன் தாரன் முதலான ஊர்ப் பெயர்களை எடுக்க வேண்டும். 'பஞ்சாப் போலீஸ்' வெறும் 'போலீஸ்' ஆக வேண்டும். கனடா, பிரிட்டன் பற்றிய குறிப்புகளும் போக வேண்டும். அதாவது, ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு காலத்தில், யாரோ ஒருவரை, ஏதோ ஒரு போலீஸ் கொன்றதாக ஒரு கதை எடுத்தால் வாரியத்துக்கு அவ்வளவாகச் சிக்கல் இல்லை. எந்த ஊர், யார், எப்போது என்று சொல்வதுதான் சிக்கல்.

கால்ரா உயிரைக் கொடுத்துச் செய்த வேலையே பெயரில்லாத சாம்பலுக்குப் பெயர் தேடியதுதான். அவருடைய கதையைச் சொல்லும் படத்திலிருந்து எடுக்கச் சொல்வதும் பெயர்களைத்தான். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் இதுவே.

*

பின்னணி தெரியாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. 1984 ஜூனில் ராணுவம் பொற்கோயிலுக்குள் நுழைந்தது. அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தியை அவருடைய சீக்கிய மெய்க்காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த சில நாட்களில் டெல்லியில் மட்டும், அரசுக் கணக்குப்படியே, 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். இந்த நவம்பர் படுகொலை ஓரளவுக்காவது நாட்டின் பொது நினைவில் இடம்பெற்றுவிட்டது. விசாரணைக் குழுக்களும் ஆணையங்களும் அடுத்தடுத்து அமைந்தன. 2005இல் பிரதமர் மன்மோகன் சிங் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். 2018 டிசம்பரில் முன்னாள் எம்.பி. சஜ்ஜன் குமாருக்கு டெல்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. தாமதம் கொடுமையானதுதான் என்றாலும் அது ஏதோ ஒரு கணக்கு.

அதற்குப் பின் பத்தாண்டு பஞ்சாபில் நடந்ததற்கு இந்த அளவு கூட இல்லை. ஒருபுறம் காலிஸ்தான் என்ற தனிச் சீக்கிய நாடு கேட்டு ஆயுதம் ஏந்தியவர்கள் பேருந்துகளை மறித்து இந்துப் பயணிகளைச் சுட்டார்கள், பத்திரிகை ஆசிரியர்களைக் கொன்றார்கள், 1988இல் கவிஞர் பாஷைக் கொன்றார்கள், அவர்களுக்கு இணங்காத சீக்கியர்களையும் விடவில்லை. 1985இல் ஏர் இந்தியா கனிஷ்கா விமானத்தில் குண்டு வைத்து 329 பேரைக் கொன்றதும் இந்தக் காலத்தின் கதைதான். இவற்றை மறைத்துவிட்டு எழுதினால் அதுவும் ஒரு வெட்டுதான். மறுபுறம் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டமும், கொல்லப்பட்ட தீவிரவாதியின் தலைக்கு ரொக்கப் பரிசும் கைக்கு வந்த காவல்துறை, யாரைப் பிடித்தோம், எங்கே வைத்தோம், என்ன செய்தோம் என்று எவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத நிலைக்குப் போனது. வீட்டிலிருந்து கூட்டிச் சென்ற மகன் அடுத்த வாரம் 'மோதலில் பலி' என்று செய்தியில் வருவான். அல்லது செய்தியிலும் வரமாட்டான்.

கால்ராவின் கையில் இருந்தது வெறும் குற்றச்சாட்டு அல்ல, காகிதம். மற்றவர்களிடமிருந்து அவரைப் பிரித்துக் காட்டியது இதுதான். என் பிள்ளையைக் காணோம் என்று ஒரு தாய் சொன்னால், அவன் வெளிநாட்டுக்கு ஓடியிருப்பான் என்று காவல்துறை சொல்லிவிடும். உண்மையில் அப்படித்தான் சொன்னார்கள், கனடாவிலும் ஐரோப்பாவிலும் பிழைக்கப் போயிருப்பார்கள் என்று. ஆனால் நகராட்சி வாங்கிய விறகு வெளிநாட்டுக்கு ஓடிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. மூன்று சுடுகாடுகளின் கணக்கை வைத்துப் பஞ்சாப் முழுவதற்கும் 25,000 பேர் இப்படிப் போயிருக்கலாம் என்று அவர் மதிப்பிட்டார். அந்த எண்ணிக்கை இன்றும் விவாதத்துக்கு உரியது. மூன்று சுடுகாடுகளின் கணக்கு விவாதத்தைக் கடந்தது.

கால்ராவின் மனித உரிமைப் பிரிவினர் முதலில் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பாதிக்கப்பட்டவர்கள் தாமே வரட்டும், அமைப்புக்கு இதில் என்ன உரிமை என்று மனு தள்ளுபடியானது. காணாமல் போனவனின் தகப்பன் வழக்குப் போட்டால் அடுத்து அவன் தம்பி காணாமல் போவான் என்று ஊரே அறிந்திருந்த காலம் அது. பின்பு ஒரு மனித உரிமைக் குழுவின் மூலம் விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கால்ரா கனடா சென்று சீக்கியர்களிடையே பேசினார். அங்கேயே தங்கிவிடும்படி கேட்டுக்கொண்டவர்கள் உண்டு. தங்கவில்லை. அவருடைய பாட்டனார் ஹர்னாம் சிங் 1914இல் கோமகாடா மாரு கப்பலில் போய், கனடா கரையில் இறங்க விடாமல் திருப்பி அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். பேரனுக்குக் கனடாவின் கதவு திறந்திருந்தும் அவர் திரும்பி வந்தார்.

1995 ஆகஸ்ட் 31 அன்று முதலமைச்சர் பியாந்த் சிங் சண்டிகரில் குண்டு வெடித்துக் கொல்லப்பட்டார். ஆறு நாள் கழித்து கால்ராவைத் தூக்கினார்கள். மனைவி பரம்ஜித் கௌர், குரு நானக் தேவ் பல்கலைக்கழகத்தில் நூலகர். அவர் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்குமாக அலைந்தார். சீக்கிய குருத்வாராக்களை நிர்வகிக்கும் எஸ்.ஜி.பி.சி.யின் தலைவர் குருசரண் சிங் தோஹ்ரா உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு அனுப்பிய தந்தி ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொள்ளப்பட்டது. 1995 நவம்பர் 15 அன்று நீதிமன்றம் இரண்டையும் சிபிஐயிடம் ஒப்படைத்தது: கால்ரா எங்கே என்ற கேள்வி ஒன்று, அவர் வெளியிட்ட சுடுகாட்டுக் கணக்கு மற்றொன்று.

1996 டிசம்பரில் சிபிஐ கொடுத்த கணக்கு இது. அமிர்தசரஸ் மாவட்டத்தின் மூன்று சுடுகாடுகளில் காவல்துறை எரித்த உடல்கள் 2,097. முழுதாக அடையாளம் தெரிந்தவை 585. ஓரளவு தெரிந்தவை 274. அடையாளமே தெரியாதவை 1,238. பெரும் அளவில் அப்பட்டமான மனித உரிமை மீறல் நடந்திருப்பதை இந்த அறிக்கை காட்டுகிறது என்று டிசம்பர் 12 ஆணையில் உச்ச நீதிமன்றமே எழுதியது. கால்ரா சொன்னபோது அவதூறு என்றார்கள். நீதிமன்றம் எழுதிய பிறகு அது அரசு ஆவணம்.

தேசிய மனித உரிமை ஆணையத்திடம் இழப்பீட்டு விவகாரம் போனது. அந்த மூன்று சுடுகாடுகளைத் தாண்டி ஆணையம் போகவில்லை. மற்ற மாவட்டங்களின் பதிவேடுகளை யாரும் திறக்கவில்லை. காவல்துறையின் பிடியில் இருந்தபோது இறந்தார்கள் என்று ஏற்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு 2.5 லட்சம் ரூபாய். மற்றவர்களுக்கு 1.75 லட்சம். இந்த இரண்டாவது தொகை கொலைக்கு அல்ல. விதிமுறைப்படி உடலை எரிக்காததற்கு. ஒரு தாய்க்குக் கையில் பணத்தைக் கொடுத்து, உன் மகனை எரித்த முறை தவறு என்று சொல்வதை எண்ணிப் பாருங்கள். யார் கொன்றார், ஏன் கொன்றார் என்பது அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்றுவிட்டது.

கால்ரா வழக்கு மட்டும் விதிவிலக்காக நகர்ந்தது. சிறப்புக் காவல் அலுவலராக இருந்த ஒருவர் சாட்சி சொன்னார்: கால்ராவை ஜபால் காவல் நிலையத்தில் அடைத்து வைத்திருந்தார்கள், அடித்தார்கள், அக்டோபர் இறுதியில் சுட்டுக் கொன்று ஹரிகே கால்வாயில் வீசினார்கள் என்று. 2005 நவம்பரில் பாட்டியாலா நீதிமன்றம் ஆறு காவல் அதிகாரிகளைக் குற்றவாளிகள் என்றது. 2007இல் உயர் நீதிமன்றம் ஒருவரை விடுவித்து, குறைந்த தண்டனை பெற்ற நால்வருக்கு அதை ஆயுளாக உயர்த்தியது. 2011 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இந்த வழக்கில் இனி மேல்முறையீடு செய்ய இடமில்லை. நடந்தது என்ன என்பதை நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் பெயர், ஊர், தேதி, காவல் நிலையத்தோடு அச்சிட்டு வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் இணையத்தில் இறக்கிப் படிக்கலாம்.

ஆனால் அதே பெயரையும் ஊரையும் திரையில் சொல்லக் கூடாது.

*

தணிக்கை என்ற சொல்லைச் சட்டம் இப்போது தவிர்க்கிறது, சான்றளித்தல் என்கிறது. 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம், 5பி பிரிவு, எந்தக் காரணங்களுக்காகச் சான்றிதழ் மறுக்கலாம் என்று வரிசைப்படுத்துகிறது: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்பு, பொது ஒழுங்கு, கண்ணியமும் ஒழுக்கமும், அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, குற்றம் செய்யத் தூண்டுதல். வரலாற்றை நினைவுபடுத்துவது இதில் இல்லை. காவல்துறைக்குச் சங்கடம் தருவதும் இல்லை. ஆகவே இந்த வகைப் படங்களில் எல்லாமே 'பொது ஒழுங்கு' என்ற ஒரே வாசல் வழியாகத்தான் நுழைகின்றன. இதைக் காட்டினால் கலவரம் வரும் என்ற அச்சம் அது.

அச்சத்துக்கு என்ன ஆதாரம் வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது. அந்த வழக்கு ஒரு தமிழ்ப் படத்தைப் பற்றியது. 'ஒரே ஒரு கிராமத்திலே' இட ஒதுக்கீட்டை விமர்சித்த படம். தமிழகத்தில் கடும் எதிர்ப்பு இருந்தது, சென்னை உயர் நீதிமன்றம் சான்றிதழை ரத்து செய்திருந்தது. ரங்கராஜன் எதிர் ஜகஜீவன் ராம் என்று இன்றும் மேற்கோள் காட்டப்படும் அந்தத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தது. பேச்சுக்கும் ஆபத்துக்கும் உள்ள தொடர்பு வெடிமருந்துக் கிடங்கில் விழும் தீப்பொறி போல உடனடியானதாக இருக்க வேண்டும், எங்கோ எப்போதோ ஏதோ நடக்கலாம் என்ற ஊகம் போதாது என்றது. போராட்டம் நடத்துவோம் என்று மிரட்டினால் அந்த மிரட்டலிலிருந்து படத்தைக் காப்பது அரசின் கடமை என்றும் சொன்னது. அந்தப் படத்தின் கருத்தோடு எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. அதற்குக் கிடைத்த பாதுகாப்பு கால்ராவின் கதைக்கும் கிடைக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தும் இல்லை.

தீர்ப்பு இருக்கிறது. அதை நடைமுறையில் பெறும் வழிதான் நீண்டுகொண்டே போகிறது. முன்பெல்லாம் வாரியத்தின் முடிவு பிடிக்காவிட்டால் ஓய்வு பெற்ற நீதிபதி தலைமையிலான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். படம் பார்த்துப் பழகிய ஓர் அமைப்பு, செலவும் குறைவு. 2021 ஏப்ரலில் அதைக் கலைத்துவிட்டார்கள். இப்போது வாரியத்துக்குப் பிறகு நேராக உயர் நீதிமன்றம்தான். வட்டிக்குப் பணம் வாங்கிப் படம் எடுத்த தயாரிப்பாளர் உயர் நீதிமன்றத்தில் ஓராண்டு காத்திருந்தால் என்ன ஆகும் என்பது கோடம்பாக்கத்தில் யாரைக் கேட்டாலும் தெரியும். 'பஞ்சாப் '95' குழு 2023இல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்பு வரை அது போகவில்லை. அந்த ஆண்டு டொரொண்டோ திரைப்பட விழாவில் படம் அறிவிக்கப்பட்டுப் பின் பட்டியலிலிருந்து விலகியது. 2025 பிப்ரவரி 7 அன்று வெளிநாடுகளில் மட்டும், வெட்டில்லாமல் வெளியாகும் என்று அறிவித்தார்கள். முன்னோட்டக் காணொளி இந்தியாவில் யூடியூபிலிருந்து மறைந்தது. கை மீறிய சூழ்நிலை காரணமாக வெளியிட முடியவில்லை என்று தில்ஜித் அறிவித்தார். இந்திய வாரியத்துக்கு வெளிநாட்டுத் திரையரங்குகள் மீது அதிகாரம் இல்லை. இருந்தும் படம் அங்கேயும் வரவில்லை.

தடை என்று எழுத்தில் ஒன்று இருந்தால் அதைக் கொண்டுபோய் நீதிபதி முன் வைக்கலாம். 21 என்பது 120 ஆகி 127 ஆவதை எங்கே கொண்டுபோய் வைப்பது? இதற்கு இணங்கினால் அடுத்தது வருகிறது. பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதால் மறுப்பு என்றும் சொல்ல முடிவதில்லை. காலம் போகிறது, வட்டி ஏறுகிறது, படத்தில் நடித்தவர்களின் வேறு படங்கள் சிக்கலில் மாட்டுமோ என்ற கவலை வருகிறது.

*

சீக்கியர்களின் இந்தக் காலத்தைத் தொட்ட படங்கள் எல்லாவற்றுக்கும் இதே கதிதான் என்று சொல்லிவிட முடியாது. குல்சாரின் 'மாச்சிஸ்' 1996இலேயே வந்தது, பஞ்சாபின் காயம் ஆறாத காலத்திலேயே. 2014இல் தில்ஜித் நடித்த 'பஞ்சாப் 1984' தேசிய விருதே வாங்கியது. காணாமல் போன மகனைத் தேடும் தாயின் கதை அது. ஆனால் அந்தத் தாயும் மகனும் கற்பனைப் பாத்திரங்கள். வேதனையைக் காட்டுவதற்கு அனுமதி உண்டு என்பதற்கு இந்தப் படங்கள் சாட்சி. ஆனால் அந்த வேதனைக்கு யார் பொறுப்பு என்று சுட்டிக்காட்டும்போதே கத்தரி வருகிறது.

இதற்கு மிகத் துல்லியமான உதாரணம் ஷொனாலி போஸ் இயக்கி 2005இல் வந்த 'ஆமு'. 1984 நவம்பரில் டெல்லியில் கல்லூரி மாணவியாக இருந்து நிவாரண முகாம்களில் வேலை செய்தவர் போஸ். அமெரிக்காவில் வளர்ந்த ஓர் இளம்பெண் டெல்லிக்கு வந்து தன் பிறப்பைத் தேடும்போது அந்தப் படுகொலையில் வந்து முட்டிக்கொள்கிறாள். கொன்றதையும் எரித்ததையும் படம் சொல்கிறது. அமைச்சர்கள், காவல்துறை, அதிகாரிகள் எல்லாரும் இதில் கூட்டு என்ற பொருளில் வரும் சில வரிகளை நீக்கச் சொன்னது வாரியம். வேறு வசனம் போட்டு ஒப்பேற்றியிருக்கலாம். போஸ் அதைச் செய்யவில்லை. ஒலியை மட்டும் எடுத்துவிட்டு உருவத்தை விட்டுவிட்டார். பாத்திரங்களின் உதடுகள் அசைகின்றன, ஒன்றும் கேட்பதில்லை. இந்தியத் திரையரங்கில் உட்கார்ந்தவர்கள் எந்த வாக்கியம் தங்களுக்கு மறுக்கப்பட்டது என்று அதன் நீளத்தோடு பார்த்தார்கள். புதைத்து மறக்க வேண்டிய வரலாற்றை இளைஞர்கள் ஏன் அறிய வேண்டும் என்ற எண்ணமே 'ஏ' சான்றிதழுக்குப் பின்னால் இருந்தது என்று இயக்குநர் பின்னாளில் சொன்னார். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பார்க்க முடியாது என்பதைவிட, 'ஏ' சான்றிதழ் பெற்ற படம் தொலைக்காட்சிக்கு வராது என்பது பெரிய இழப்பு. சிற்றூர்களில் அந்தக் காலத்தில் சினிமா என்றால் தொலைக்காட்சிதான்.

2013இல் 'சாடா ஹக்' என்ற பஞ்சாபிப் படம் வாரியத்தின் சான்றிதழ் பெற்ற பின்பும் பஞ்சாப், ஹரியானா, டெல்லி அரசுகள் தடை போட்டன. உச்ச நீதிமன்றம் சில வாரங்களில் அதை நீக்கியது. அப்போது பஞ்சாபை ஆண்டது அகாலி தளம் என்பதைக் கவனியுங்கள். சீக்கியர் நலனின் பெயரால் ஆட்சிக்கு வருபவர்களுக்கும் இந்தக் காலத்தைக் கிளறுவது வசதியாக இல்லை. காவல்துறையில் அன்றிருந்தவர்கள் அவர்கள் ஆட்சியிலும் பதவியில் இருந்தார்கள், உயர்ந்தார்கள்.

இந்திரா காந்தியைக் கொன்றவர்களைப் போற்றுகிறது என்று 'கௌம் தே ஹீரே' (சமூகத்தின் வைரங்கள்) படத்தின் வெளியீட்டை 2014இல் நிறுத்தினார்கள். இது கால்ரா படத்தைப் போன்றதல்ல என்று நினைக்கிறேன். கொலையாளியை வைரமாகக் காட்டும் படத்தை நான் கொண்டாட மாட்டேன். ஆனால் கொலை செய்தவரைப் போற்றும் படத்தையும் கொலையை வெளிப்படுத்தியதால் கொல்லப்பட்டவரைப் பற்றிய படத்தையும் ஒரே அலமாரியில் 'பஞ்சாப், பதற்றம்' என்று சீட்டு ஒட்டி வைத்துவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய அநீதி. கால்ரா துப்பாக்கி தூக்கியவர் அல்ல. நீதிமன்றத்துக்கு மனுப் போட்டவர், பதிவேட்டின் நகலைக் கையில் வைத்துப் பேசியவர். ஓர் அரசியலமைப்புச் சட்டம் தன் குடிமகனிடம் எதிர்பார்ப்பதை வரி பிசகாமல் செய்தவர்.

'பஞ்சாப்' என்ற பெயரே வாரியத்துக்கு உறுத்துவது இது முதன்முறையும் அல்ல. 2016இல் போதைப் பழக்கத்தைப் பற்றிய 'உட்தா பஞ்சாப்' படத்துக்கு 89 வெட்டுகள் சொன்னபோதும் மாநிலத்தின் பெயரையும் ஊர்ப் பெயர்களையும் எடுக்கச் சொன்னார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் ஒரே ஒரு வெட்டோடு அதை விட்டது. அந்த நீதிமன்றம் சில நாட்களில் தீர்ப்புச் சொன்னது என்பதும், படம் போதைப் பொருளைப் பற்றியது, காவல்துறைக் கொலைகளைப் பற்றியது அல்ல என்பதும் வேறுபாடுகள்.

எதிர்த்திசையிலிருந்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கங்கனா ரனாவத்தின் 'எமர்ஜென்சி' 2024இல் வெளிவரவிருந்தபோது சீக்கியர்களைத் தவறாகக் காட்டுகிறது என்று எஸ்.ஜி.பி.சி. எதிர்த்தது. சான்றிதழ் தாமதமானது, சில மாற்றங்களோடு 2025 ஜனவரியில் வெளியானது, பஞ்சாபில் பெரும்பாலான திரையரங்குகள் காட்டவில்லை. சீக்கிய நண்பர்கள் சிலர் இதை வெற்றியாகக் கருதியிருக்கலாம். அது கால்ராவின் படத்துக்கு எதிரான ஆயுதத்தைக் கூர்தீட்டிக் கொடுத்தது. மனம் புண்படும் என்ற காரணத்துக்காக ஒரு படத்தை நிறுத்தலாம் என்றால், காவல்துறையின் மனம் புண்படும் என்று இன்னொன்றை நிறுத்துவார்கள். அந்தப் படத்தின் வரலாற்றுப் பார்வை தவறு என்றால் அதற்கு மறுமொழி 'பஞ்சாப் '95' திரைக்கு வருவதுதான்.

தமிழர்களாகிய நமக்கு இது புதிய அனுபவம் இல்லை. இலங்கைப் போரின் இறுதி மாதங்களைப் பற்றிய கேலம் மக்ரேயின் 'நோ ஃபயர் ஸோன்' ஆவணப்படத்துக்கு 2014இல் இதே வாரியம் சான்றிதழ் மறுத்தது. காரணம், இலங்கையுடனான நட்பு கெடும் என்பது. ராஜீவ் காந்தி கொலையைப் பின்னணியாகக் கொண்ட ஆர்.கே. செல்வமணியின் 'குற்றப்பத்திரிகை' பல ஆண்டு வழக்குகளுக்குப் பின் 2007இல்தான் திரையைப் பார்த்தது. அப்போது அதைப் பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர்? பதினைந்து ஆண்டு தாமதித்தாலே போதும், தடை போடத் தேவையில்லை என்பதை அந்தப் படம் காட்டிவிட்டது.

*

நினைவு இதனால் அழிவதில்லை. இடம் மாறுகிறது. கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் 2017இல் ஒரு பூங்காவுக்கு ஜஸ்வந்த் சிங் கால்ராவின் பெயரை வைத்தார்கள். அங்கே ஒரு தொடக்கப் பள்ளிக்கும் இப்போது அவர் பெயர். அமிர்தசரஸுக்கு 12,000 கிலோமீட்டர் தள்ளி, ஆறு வயதுக் குழந்தைகள் அந்தப் பெயரை எழுதிப் பழகுகிறார்கள். இங்கே அந்தப் பெயரைத் திரையில் உச்சரிக்க அனுமதி இல்லை. இதன் விளைவு என்ன என்று டெல்லியில் இருப்பவர்கள் யோசிக்க வேண்டும். பஞ்சாபில் 1995க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு இந்த வரலாறு பள்ளிப் பாடத்தில் இல்லை, திரையரங்கில் இல்லை. வெளிநாட்டுக் குருத்வாராவின் சுவரொட்டியிலும் பாட்டிலும் யூடியூப் துண்டுகளிலும்தான் கிடைக்கிறது. அங்கே கால்ராவின் படத்துக்குப் பக்கத்திலேயே துப்பாக்கியோடு நிற்பவர்களின் படங்களும் மாலையோடு இருக்கும். சட்டத்தை நம்பியவருக்கும் நம்பாதவருக்கும் வேறுபாடு தெரியாமல் அந்தப் பிள்ளை வளரும். பிரிவினையை அஞ்சுவதாகச் சொல்லும் அரசு, ஒரு சீக்கியர் இந்திய நீதிமன்றத்தை நம்பிப் போராடினார், அவரைக் கொன்றவர்களை இந்திய நீதிமன்றம் தண்டித்தது என்ற கதையைச் சொல்ல விடாமல் தடுக்கிறது. இதைவிட அந்த அரசுக்கு உதவக்கூடிய கதை வேறு என்ன இருக்கிறது?

இந்தக் காலம் முடிந்துபோன காலமும் அல்ல. மொகாலியில் உள்ள சிபிஐ சிறப்பு நீதிமன்றம் 1992, 1993இல் நடந்த போலி மோதல் வழக்குகளில் இன்னும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறது. தண்டனை பெறும் அதிகாரிகள் முதியவர்கள், ஓய்வூதியக்காரர்கள். வழக்கு முடிவதற்குள் குற்றவாளிகளில் சிலர் இறந்துவிடுகிறார்கள், சாட்சிகளில் பலர் இறந்துவிடுகிறார்கள். மகனைத் தேடிய தாய்மார்கள் இப்போது எண்பதைத் தாண்டியிருப்பார்கள். திரைப்பட வாரியம் இழுத்தடிக்கும் ஒவ்வோர் ஆண்டும் இவர்களின் கணக்கிலிருந்துதான் கழிகிறது.

இந்தப் படத்தை முழுமையாக எடுத்தவர் ஓர் இயக்குநர். அது நல்ல படமா, கால்ராவின் வாழ்க்கையைச் சரியாகச் சொல்லியிருக்கிறதா, தீவிரவாதிகளின் கொலைகளைப் போதிய அளவு காட்டியிருக்கிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டுச் சண்டை போடலாம். அந்தச் சண்டைக்காகத்தான் சினிமாவே. கால்ராவின் குடும்பத்துக்கு முதன்முதலில் எதிர்ப்புச் சொல்ல உரிமை உண்டு. பரம்ஜித் கௌரோ படத்தை அப்படியே வெளியிடச் சொல்லி, வெட்டுகளைத்தான் எதிர்த்தார். வாரியத்திடம் கேட்க வேண்டியது எளிமையானது. 127 வெட்டுகளையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 5பி பிரிவின் எந்தச் சொல் பொருந்துகிறது என்று குறித்து, கையெழுத்திட்டு வெளியிடட்டும். நாயகனின் பெயரை எடுக்கச் சொன்ன வரிக்கு எதிரே என்ன எழுதுவார்கள் என்று பார்க்கலாம். இறையாண்மை என்றா, ஒழுக்கம் என்றா, அவதூறு என்றா? அந்தக் காகிதத்தை 2011 நவம்பர் 4 தீர்ப்போடு சேர்த்துத் தைத்து ஓர் உயர் நீதிமன்ற நீதிபதி முன் வைத்தால், தீர்ப்புச் சொல்ல அவருக்கு ஒரு மத்தியானம் போதும்.